பேசா மொழியும் பாடமும்

வேற்றுப் பண்பாட்டினரோடு கருத்துப் பரிமாறும் முறை இன்று பல்கலைக்கழகங்களில் தனிப்பாடமாக விளங்குகின்றது. அதற்கு வித்திட்டவர் அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்டு ஹால் எனலாம். 1950களின் முற்பகுதியில் வாசிங்டனில் அயல்நாட்டுப் பணிக்குச் செல்வோரை அவர் பயிற்றினார். பண்பாட்டின் பொதுவியல்பு பற்றிய விரிவுரையை அவர்கள் விரும்பினாரல்லர். செல்லும் நாட்டில் யாது செய்வது என்றே வினவினர். ஆகவே காலம், இடைவெளி, உடலசைவு ஆகிய நுண்பொருள்களை, மொழியியலார் ஒலிகளை ஆராயுமாறு, அவர் ஆராயத் தலைப்பட்டார். 1959இல் வெளிவந்த அவர்தம் நூல் அதன் பயனே.

இலத்தீன் அமெரிக்க அலுவலகமொன்றில் 45 நிமிடம் காத்திருக்க நேரும் அமெரிக்கர் அதனை அவமதிப்பெனக் கொள்வர். அந்நாட்டாரோ அங்ஙனம் கருதார். இதனைக் கற்கும் அமெரிக்க மாணவர் அந்நாட்டார் வழக்கத்தை மட்டும் ஏட்டிற் குறித்துக்கொள்வது எளிது. சிறிது தாழ்ப்பினும் சினக்கும் தம் வழக்கமும் கற்றுக்கொண்டதே என்பதனை உணர்தல் அரிது. யான் கண்ட தேர்வுத்தாள்களும் அதனை வினவுவதில்லை.