ஒரு ரீசேட்டில் ஐந்து நாடுகள்

வற்றாப்பளைப் பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் ஒன்றுகூடுவது என்று முடிவானதும், கனடாவிலிருக்கும் பெரியண்ணா என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்தார். "தங்கச்சி, குடும்பத்துக்கெல்லாம் ஒரே மாதிரி ரீசேட் அடிக்கவேணும். நாங்கள் இருக்கிற நாடுகளும் அதில தெரியவேணும்" என்றார். கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, பிரித்தானியா என்று எங்கள் சகோதரங்கள் சிதறிப்போயிருக்கிறார்கள். நானும் அம்மாவும் முள்ளியவளையில். தையல்தான் என் தொழில்.

முதலில் ஐந்து கொடிகளையும் வரிசையாக வரைந்தேன். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். ஆனால் இந்த ஐந்து கொடிகளிலும் சிவப்பு, வெள்ளை, நீலத்தை விட வேறு நிறமில்லை. வெள்ளைத் துணியென்றால் இரண்டு சட்டம் போதும். கணக்குச் சரியாக வந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "அப்ப இஞ்ச இருக்கிற எங்களுக்கு என்ன கொடி?" என்று கேட்டார். எந்தக் கொடியைப் போட்டாலும் எங்கள் வீட்டிலேயே ஒருவர் அதை உடுக்கமாட்டார். கீறிய தாளை மடித்து வைத்தேன்.

பல நாட்டவர் ஒரே உடுப்பை அணிவது புதிதல்ல. 1975, 1979 ஆம் ஆண்டுகளில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்ற மேற்கிந்தியத் தீவுகள் அணி, ஜமைக்கா, பார்படோஸ், கயானா எனப் பல நாடுகளின் அணி. அவர்களுடைய சின்னத்தில் எந்த நாட்டின் கொடியும் இல்லை. ஒரு சிறு தீவு, அதில் ஒரு பனையினமரமும் விக்கெட் தடிகளும். 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக அகதிகள் அணி கலந்துகொண்டது. நான்கு நாடுகளிலிருந்து இடம்பெயர்ந்த பத்துப் பேர் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். 2024 இல் பாரிசுக்குப் போன 37 பேருக்குத் தனிச்சின்னம் கிடைத்தது: நடுவில் ஓர் இதயம், அதைச் சுற்றி அம்புக்குறிகள்.

இவற்றை யோசித்தபோது எங்கள் வளவுத் துலாக்கிணறு நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். 2010 இல் முகாமிலிருந்து திரும்பியபோது வீடு இல்லை, கிணறு இருந்தது. அதை இறைத்துத் துப்புரவாக்கித்தான் அடுப்பு மூட்டினோம். நெஞ்சுப் பக்கத்தில் கிணறும் துலாவும், முதுகில் ஊரின் பெயரும் ஐந்து நாடுகளின் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில். ஒரே நிறம், கருநீலம்.

இப்படி ஓடர் எடுக்கும் சகோதரிகளுக்கு அனுபவத்தில் சில சொல்கிறேன். எம், எல் என்ற அளவு நாட்டுக்கு நாடு மாறும். நெஞ்சளவை அங்குலத்தில் கேளுங்கள். மெல்லிய கோடுகள் துணியில் தெளிவாக விழாது. பருத்தி சுருங்கும், ஒன்றை அடித்து, தோய்த்துப் பார்த்த பிறகே மற்றவற்றை அடியுங்கள்.

எண்ணிக்கையை வாசித்தபோது, "ஒண்டு குறையுது" என்றார் அம்மா. 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட தம்பியினுடையது. என்ன அளவு என்று கேட்டேன்.

"போகேக்க மெலிஞ்சவன். இப்ப எப்பிடியோ தெரியாது. கொஞ்சம் பெரிசா அடி."

நாற்பது அங்குலம் என்று எழுதிக்கொண்டேன்.