முழங்கால் வலியும் மூன்று வகை வாதமும்

(வானொலியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன நவரைப் பட்டத்தில், கோவளத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நடவு வயலைப் பார்க்கப் போயிருந்தேன். வரிசை நடவைப் பற்றிப் பேசி முடித்ததும், நடவுக்கு வந்திருந்த ஒரு அம்மா, "ஐயா, நெல்லு மஞ்சளாப் போனா மருந்து சொல்றீங்க. எங்க முட்டி வலிக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வேலை முடிந்து கரையேறும்போது பார்த்தேன். பாதிப் பேர் முழங்காலில் கையை ஊன்றித்தான் வரப்பில் ஏறினார்கள்.

நான் வைத்தியன் அல்ல. இருந்தாலும், அந்த அம்மா கேட்ட கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. நெல் மஞ்சளானால் உடனே யூரியாவைப் போடுங்கள் என்று நான் சொல்வதுண்டா? கிடையாது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இலையில் துருப்போலப் பழுப்புப் புள்ளி வந்தால் துத்தநாகக் குறைவு. பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயிலும் பயிர் மஞ்சளாகும். அங்கே யூரியா போட்டால் காசும் போச்சு, பயிரும் போச்சு. முழங்கால் வலியும் அப்படித்தான். வலி ஒன்று, காரணம் பல. இதை ஆயுர்வேத நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பிரிவினையைத் தெரிந்துகொள்வதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலாவது சந்திகத வாதம். இது தேய்மான வலி. நமது சித்த வைத்தியர்கள் அழல் கீல் வாயு என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். மோட்டார் பேரிங்கில் கிரீஸ் வற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறது அல்லவா? அதுபோல மூட்டின் நடுவே உள்ள குருத்தெலும்பு தேய்ந்து, முட்டியை மடக்கும்போது சத்தம் வரும். பெரும்பாலும் 45, 50 வயதுக்கு மேல் தொடங்கும். குந்தி எழும்போதும் படி ஏறும்போதும் வலி அதிகம், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். வீங்கிய மூட்டைத் தொட்டால் காற்று அடைத்த தோல்பை போல இருக்கும் என்று சரகர் அடையாளம் சொல்கிறார்.

இதற்கு எண்ணெயும் வெதுவெதுப்பும்தான் ஆயுர்வேதத்தின் முக்கிய வழி. வைத்தியசாலையில் ஜானு வஸ்தி என்று ஒரு சிகிச்சை செய்வார்கள். பார்த்தால் உங்களுக்கு உடனே புரியும். முழங்காலைச் சுற்றி உளுத்தம் மாவால் வரப்புக் கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். ஆற ஆற எடுத்துச் சுடவைத்து மறுபடியும் ஊற்றுவார்கள். வயலில் தண்ணீர் கட்டுவது போலத்தான்.

வீட்டில் செய்யக்கூடியது இலை ஒற்றடம். நொச்சி, ஆமணக்கு, புளி ஆகியவற்றின் இலைகளை நறுக்கி, கொஞ்சம் நல்லெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து 10, 15 நிமிடம் ஒற்றடம் கொடுக்கலாம். முதலில் புறங்கையில் வைத்துச் சூட்டைப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்கு வேறொருவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆமவாதம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறோம். இதில் முழங்கால் மட்டுமல்ல, விரல் கணு, மணிக்கட்டு போன்ற சிறு மூட்டுகளும் இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது. அசதி இருக்கும், பசி இருக்காது, சில சமயம் லேசான காய்ச்சலும் இருக்கும். சிறு வயதிலும் வரும். பெண்களுக்கு அதிகம் வரும். செரியாத உணவின் கசடு, அதாவது ஆமம், மூட்டில் போய்த் தங்குவதால் வருகிறது என்பது ஆயுர்வேத விளக்கம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக மூட்டைத் தாக்குகிறது என்பது இன்றைய அறிவியல் விளக்கம். விளக்கம் எதுவானாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வாதத்துக்கு ஆரம்பத்தில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் விதி! லேசான உணவு, சுக்கு வெந்நீர், சலித்த மணலை வாணலியில் சூடாக்கித் துணியில் கட்டி உலர்ந்த ஒற்றடம், வைத்தியர் அளவு சொல்லிக் கொடுக்கும் விளக்கெண்ணெய் — இதுதான் முறை.

என் தாயாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முட்டி வலி என்றார்கள். வயசாச்சு, தேய்மானம்தான் என்று நாங்களாகவே முடிவு செய்து, ஒரு வருஷம் தினமும் எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தோம். காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று அவர்கள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. விரல்கள் கோணத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஆமவாதம் என்று தெரிந்தது. மருந்தில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கோணிய விரல் நிமிரவில்லை. விஞ்ஞானப் பட்டம் வாங்கியவன் வீட்டிலேயே இந்தக் கதை. ஆகவே விரல் கணு வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், தயவு செய்து காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது வாதரக்தம். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிகமாகத் தங்குவதோடு இது ஒத்துப் போகிறது. பெரும்பாலும் கால் கட்டைவிரலில் ஆரம்பிக்கும். ராத்திரி நன்றாகப் படுத்தவர் நடுச்சாமத்தில் துடித்து எழுவார். மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகும். இதற்குச் சூட்டு ஒற்றடம் கூடாது. அழுத்தித் தேய்க்கவும் கூடாது. மதுவை நிறுத்த வேண்டும். ஆட்டு ஈரலும், நம் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் நெத்திலி, மத்தி மீன்களும் இந்த நோய்க்காரருக்கு ஆகாதவை. சீந்தில் கொடியை ஆயுர்வேதம் இதற்குச் சிறப்பாகச் சொல்கிறது. ஆனால் நாமாகவே பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேண்டாம். சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட சிலரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றும் உண்டு. ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, கொதித்து, கடும் காய்ச்சலும் அடித்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பச்சிலை வைத்துக் கட்டி ஒரு நாள் பார்ப்போம் என்பது ஆபத்து.

சரி, இந்த வைத்தியங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். தேய்மான முழங்கால் வலி உள்ள 440 பேரை வைத்து, புனே மருத்துவர்கள் தலைமையில் நடந்த சோதனை 2013-ல் வெளியானது. இஞ்சி, சீந்தில், நெல்லி, சல்லகிப் பிசின் சேர்ந்த ஆயுர்வேத மருந்துகள், ஆங்கில வலி மருந்துக்குச் சமமாக வலியைக் குறைத்தன. ஆனால் சிலருக்குக் கல்லீரல் பரிசோதனை அளவு ஏறியது. கோயம்புத்தூரில் ஆமவாதக்காரர்கள் 43 பேரிடம் நடந்த சோதனை 2011-ல் வெளியானது. அதில் ஆயுர்வேதமும் ஆங்கில மருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு சென்ட் விளைச்சலை வைத்து ஊர் முழுக்க ரகத்தை மாற்ற மாட்டோம் அல்லவா? எனவே நடப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதேபோல, தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "மூணே நாள்ல வலி பறந்துடும்" என்று சந்தையில் பேர் இல்லாத பொட்டலம் விற்கிறார்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி உடனே போகும். பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். பூச்சிமருந்து வாங்கும்போது கம்பெனி பேர், தொகுதி எண், காலாவதி தேதி பார்த்து ரசீது கேட்கிறோம். உடம்புக்குள் போகிற மருந்துக்கு அதைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டாமா? ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கும் அரசு உரிம எண் உண்டு.

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக, காசில்லாத வைத்தியம் மூன்று. ஒன்று, உடல் எடை. ஒரு கிலோ குறைத்தால், நடக்கையில் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. இரண்டு, தொடைக்குப் பலம். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையிலும் மாலையிலும். மூன்று, வேலை செய்யும் விதம். களை எடுக்க நீண்ட பிடி போட்ட கருவியைப் பயன்படுத்துங்கள். கடலை ஆயும்போதும் பால் கறக்கும்போதும் குந்தி உட்காராமல் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

வேலி ஓரத்தில் நாலு நொச்சிக் குச்சியை ஊன்றி வையுங்கள். ஒற்றடத்துக்கும் ஆகும், காய்ந்த இலையைத் தானியத்தில் போட்டால் பூச்சியும் அண்டாது. முடக்கறுத்தான் கொடியும் படரட்டும். இலையை மாவோடு அரைத்துத் தோசை சுடலாம். ஆனால் இலையைப் பறிக்கும் முன்னால், வந்திருப்பது எந்த வாதம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோய் தெரியாமல் மருந்தடிக்க மாட்டோம் என்று வயலில் வைத்திருக்கும் கட்டுப்பாடு, நம் வீட்டு அம்மாக்களின் முழங்காலுக்கும் வேண்டும்.