பழைய சக், புதிய தாடை

தங்கவயலின் சுரங்கங்கள் மூடிக்கிடக்கின்றன. அங்கே பழகிய லேத் வித்தைக்கு மட்டும் வேலை ஓயவில்லை.

கோலார் தங்கவயலில் பாறையைக் குடைந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அவர்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றிய இயந்திரங்களைப் பழுதுபார்த்த டர்னர்களையும் ஃபிட்டர்களையும் பற்றி அவ்வளவாக இல்லை. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு வந்ததிலிருந்து பம்பு, கம்ப்ரெஸர், லேத் என்று பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் ஒரு பம்பு நின்றுபோனால், உதிரிபாகம் கப்பலேறி வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. கையில் இருப்பதை வைத்து, இல்லாததைச் செய்தாக வேண்டும். தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கிய பாடம் இது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயின. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போவது ஊரின் வழக்கமாகிவிட்டது. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: பழைய இயந்திரத்தோடு புதிய பாகத்தைச் சேர்த்துவைப்பது. மரக்கடைசல் லேத்தின் சக் இதற்கு நல்ல உதாரணம்.

சக் என்பது லேத்தின் கை. முகப்பில் சுருள் பள்ளம் வெட்டிய ஒரு வட்டு அதற்குள் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் வட்டு சுழலும். அதன்மேல் பல் பதித்து நிற்கும் தாடைகள் (பட்டறையில் இதற்கு ‘ஜா’ என்றுதான் பெயர்) ஒரே சமயத்தில் உள்ளே நெருங்கி மரத்தைப் பிடிக்கும். இரும்பு லேத்தில் பெரும்பாலும் மூன்று தாடைகள், மரத்துக்கு நான்கு. மர சக்கில் தாடை இரண்டு துண்டு: சுருளோடு பல் கோத்து நகரும் அடித்தாடை, அதன்மேல் திருகால் பூட்டும் மேல்தாடை. கிண்ணத்துக்கு ஒன்று, கட்டில் காலுக்கு ஒன்று, பெரிய தட்டின் விளிம்பைப் பிடிக்க இன்னொன்று என்று மேல்தாடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிக்கலும் அங்கேதான். நியூசிலாந்தின் டெக்னாடூல், ஆஸ்திரேலியாவின் விக்மார்க், இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டர் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. ஒன்றின் தாடை இன்னொன்றின் சக்கில் உட்காரும் என்று நம்பிப் பணம் கட்டிவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

பழைய சக்கையே தூக்கிப்போட்டால் என்ன? விலை ஒரு காரணம். அதைவிட, பழைய சக்கின் பின்புற மரை அந்தப் பழைய லேத்தின் சுழல்தண்டுக்கு என்றே வெட்டப்பட்டது. புதிய சக்குகள் 33 மில்லிமீட்டர் போன்ற இன்றைய அளவுகளில் வருகின்றன. சக்கை மாற்றினால் அதற்கு இடையில் ஒரு அடாப்டரும் வேண்டும். சேர்க்கைகள் கூடக் கூட, லேத்காரர்கள் ‘அவுட்’ என்று சொல்லும் ஆட்டமும் கூடும்.

ஆகவே தாடையைப் பொருத்துவதே மேல். இங்கேதான் ஜோசப் விட்வொர்த் குறுக்கிடுகிறார். 1841இல் அவர் வகுத்த மரை, பிரிட்டிஷ் இயந்திரங்களோடு தங்கவயலுக்கும் வந்தது. அதில் காலங்குலத் திருகுக்கு, அதாவது ஆசாரிக் கணக்கில் இரண்டு நூலுக்கு, விட்டம் 6.35 மி.மீ.; அங்குலத்துக்கு 20 மரை. இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. இன்றைய 6 மி.மீ. திருகுக்கு மரை இடைவெளி 1 மி.மீ. பழையதற்கோ 1.27. புதிய தாடையோடு வந்த 6 மி.மீ. திருகைப் பழைய காலங்குல ஓட்டையில் செலுத்தினால் சில சுற்று ஏறும், பிறகு இறுகும். பூட்டிவிட்டது என்று தோன்றும். உண்மையில் பற்றியிருப்பது ஓரிரு இழைகள்தான். சுழலும்போது அவை பிய்ந்தால் தாடை முகத்தை நோக்கிப் பறந்து வரலாம்.

தீர்வு பல சமயம் எளிது. திருகைத் தேர்ந்தெடுப்பது புதிய தாடையைப் பார்த்து அல்ல, பழைய அடித்தாடையின் மரையைப் பார்த்து. 6 மி.மீ. திருகுக்காகத் தாடையில் போடப்படும் துளை வழக்கமாக 6.4 அல்லது 6.6 மி.மீ. காலங்குலத் திருகு அதில் நுழையும். திருகுத் தலையின் சரிவையும் கவனிக்க வேண்டும்: பிரிட்டிஷ், மெட்ரிக் இரண்டுக்கும் 90 டிகிரி, அமெரிக்கத் திருகுக்கு 82. கலந்துவிட்டால் தலை முழுதாகப் படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தொற்றி நிற்கும். பழைய மரை தேய்ந்திருந்தால் 6.8 மி.மீ. டிரில்லால் அதை அழித்து 8 மி.மீ. டேப் போடலாம். அடித்தாடையில் சதை இருக்க வேண்டும். கடினமூட்டிய இரும்பாகவும் இருக்கக் கூடாது. பிறகு தாடையின் துளையையும் பெரிதாக்கியாக வேண்டும்.

துளைகளின் இடைவெளியே பொருந்தாவிட்டால்? துளையை நீளவாக்கில் அராவி ஒப்பேற்றுவது கெட்ட வேலை. தாடையின் அடியிலுள்ள படி, அடித்தாடையின் படியோடு முட்டி நின்று பளுவை வாங்க வேண்டும். திருகின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. படி பொருந்தாத தாடையில் பளு முழுவதும் திருகின் கழுத்தில் விழும்.

கைதேர்ந்த டர்னருக்கு இந்த இடத்தில் வேறு வழி தோன்றும். வாங்கிய தாடையை ஓரமாக வைத்துவிட்டு, அலுமினியத்திலோ கெட்டி மரத்திலோ நான்கு துண்டு வெட்டி, பழைய அடித்தாடையின் துளைக்கே துளையிட்டுப் பூட்டுவார். நடுவில் ஒரு வட்டத் துண்டைக் கவ்வவைத்து இறுக்கி, சுருளின் தளர்ச்சியை எடுத்துவிடுவார். பிறகு லேத்தை ஓட்டி, தாடைகளின் வாயை அந்த லேத்திலேயே கடைந்தெடுப்பார். எந்த அச்சில் சுற்றுகிறதோ அதே அச்சில் வெட்டப்பட்டதால் ‘அவுட்’ இருக்காது. கடைந்த விட்டத்தில் அந்தத் தாடை மரத்தை முழு வட்டமாக அணைத்துப் பிடிக்கும். அதைவிடப் பெரிய விட்டத்தில் ஓரங்களும், சிறிய விட்டத்தில் நடுப்பகுதியும் மட்டுமே பதியும். ஒரே அளவில் நூறு கட்டில் கால் கடைபவருக்கு இறக்குமதித் தாடையைவிட இதுவே லாபம்.

கழற்றும் முன் தாடைக்கும் அடித்தாடைக்கும் 1 முதல் 4 வரை எண் குத்திவிட வேண்டும். வரிசை மாறினால் கடைந்ததெல்லாம் வீண். வேகத்திலும் கஞ்சத்தனம் தேவை. சுற்று இரட்டிப்பானால் தாடையை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். புதிதாகப் பூட்டிய தாடையை முதலில் கையால் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்து, பிறகு மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவது முறை. ஸ்விட்சைப் போடும்போது சக்குக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பார்கள்.