கணிப்பொறியில் பட்டா மாற்றம்

ஓர் ஊரில் ஒரே பெயருடைய இருவர் வாழ்வதுண்டு. தகப்பனார் பெயரைச் சேர்த்து ஊரார் அவர்களைப் பிரித்தறிவர். கணிப்பொறியோ பெயரைப் பொருட்படுத்துவதே இல்லை, எண்ணையே நோக்குகிறது. இதனை அறியாமல், "நேற்றுவரை இருந்த என் செய்முறைக் குறிப்புகளைக் காணோமே!" என்று கலங்கும் நண்பர்களை நான் கண்டிருக்கிறேன். அக்கலக்கத்தைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைக் கணக்குகள்

விண்டோஸ் கணிப்பொறியில் கணக்குகள் இருவகைப்படும். அந்த ஒரு பொறியில் மட்டும் செல்லுபடியாவது உள்ளகக் கணக்கு. சர்வர் எனப்படும் மையப் பொறியில் பதிவாகி, அதனுடன் இணைந்த பொறிகளிலெல்லாம் செல்லுபடியாவது வலையமைப்புக் கணக்கு. விண்டோஸ் 2000 உடன் வெளிவந்த 'ஆக்டிவ் டைரக்டரி' இத்தகைய கணக்குகளை நிர்வகிக்கும் ஏற்பாடாகும்.

இவ்விருவகைக் கணக்குகளுக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பாதுகாப்பு எண் உண்டு. முன்னதற்கு அந்தப் பொறியும், பின்னதற்குச் சர்வரும் எண் வழங்குகின்றன. எனவே இரண்டிலும் 'முருகன்' என்றே பெயரிருப்பினும், கணிப்பொறிக்கு அவர்கள் வெவ்வேறு ஆட்களே! வலையமைப்புக் கணக்கில் முருகன் முதன்முறை நுழைந்ததும் அவருக்குப் புதிய கோப்புறை உருவாகிறது. பழையது 'யூசர்ஸ்' பகுதியில் அப்படியே இருக்கிறது. கோப்புகள் அழியவில்லை, அவற்றின்மீது புதிய எண்ணுக்கு உரிமை இல்லை, அவ்வளவே.

மாற்றும் முறை

வீடு அதுவே, பட்டா மட்டும் மாற வேண்டும். இதற்கு மூன்று படிகள் உள.

1. பழைய கோப்புறையின் உரிமையைப் புதிய எண்ணுக்கு அளித்தல்.
2. திரை அமைப்பு முதலிய விருப்பங்களைத் தாங்கியுள்ள 'என்டியூசர்.டாட்' கோப்பினுள்ளும் அவ்வுரிமையைப் பதித்தல்.
3. ரெஜிஸ்ட்ரியின் 'புரொஃபைல் லிஸ்ட்' பகுதியில், புதிய எண்ணுக்கு நேராகப் பழைய கோப்புறையின் முகவரியை எழுதுதல்.

'யூசர் புரொஃபைல் விசார்ட்' போன்ற மென்பொருள்கள் இவற்றைத் தாமே செய்கின்றன. வலையமைப்பிலிருந்து உள்ளகக் கணக்குக்குத் திரும்பவும் இதே வழிதான்.

ஓர் எச்சரிக்கை

விண்டோஸ் மூலம் மறையாக்கம் செய்த கோப்புகளும், சேமித்து வைத்த கடவுச்சொற்களும் பட்டாவோடு கைமாறுவதில்லை. அவற்றின் திறவுகோல் பழைய கணக்கோடு பிணைந்தது. ஆதலால் மாற்றத்திற்கு முன்பே மறையாக்கத்தை நீக்கி, கடவுச்சொற்களைக் குறித்துக்கொண்டு, அனைத்தையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்தல் இன்றியமையாதது. பழைய கணக்கை அவசரப்பட்டு நீக்கலாகாது.

கோப்பைக் காணோம் என்றதும் கணிப்பொறியையே துடைத்தழிக்கத் துணிவோர் உண்டு. நண்பர்களே, சற்றுப் பொறுங்கள்! ஆய்வகப் பொறுப்பாளரை அழைத்து, 'யூசர்ஸ்' கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓராண்டு உழைப்பு அங்கே பத்திரமாக இருக்கக்கூடும்.