தோலுக்கும் குளிர்ப்பெட்டி!

ஆட்டை அறுத்ததும் கறி கடைக்குப் போகிறது. தோல்?

அதுவும் கறியைப் போலத்தான். சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம்! முடி கொத்தாகக் கையோடு வரும்.

நம் ஊர் வழக்கம், உப்புப் போடுவது. 100 கிலோ மாட்டுத் தோலுக்குச் சுமார் 40 கிலோ உப்பு! பதனிடும் முன் அதைக் கழுவியாக வேண்டும். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களைக் கேளுங்கள். பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்துப் போயின. "அசுத்தம் செய்தவரே நஷ்ட ஈடு தர வேண்டும்" என்ற கருத்தில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

உப்பில்லாத வழியும் உண்டு. குளிர்! 4 டிகிரியில் சில நாள் தாங்கும். உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

ஆனால், சூட்டோடு சுருட்டி உள்ளே தள்ளக்கூடாது. வெளியே கல்லாக இறுகும். நடுவே சூடு நின்று அழுகும். கொழுப்பையும் ஒட்டிய சதையையும் சுரண்டி, விரித்து ஆறவிட வேண்டும். பிறகு காற்றுப் புகாத பையில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்கள் காய்ந்து விறைத்துவிடும்.

வெளியே எடுத்தால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும். கிருமிகள் குளிரில் முழுக்கச் சாவதில்லை, தூங்குகின்றன. அவ்வளவுதான்!

ஒன்றிரண்டு தோல் என்றால் சரி. லாரி லாரியாக இறங்கும் மண்டிக்கு மின்சாரச் செலவு கட்டுபடியாகுமா? அதனால்தான் அங்கே இன்னும் உப்பு மூட்டை இறங்குகிறது.