பாதைமேட்டு மரமும் ஊதா வண்ணத்துப்பூச்சியும்

ஜப்பானில் ரயிலும் மோட்டாரும் தோன்றுவதற்கு முன்னர், பிரபுக்களும் வணிகர்களும் யாத்ரிகர்களும் கியோத்தோவிலிருந்து, இன்று டோக்கியோ என வழங்கும் எடோவுக்குக் கால்நடையாகச் சென்ற மார்க்கங்களுள் ஒன்று, 69 தங்கலூர்களைக் கோத்துக்கொண்டு மலைகளின் ஊடே ஏறத்தாழ 530 கிலோமீட்டர் செல்லும் நாகசெண்டோ என்னும் பாதையாகும். 1911-இல், இப்பாதை செல்லும் கிஸோ பள்ளத்தாக்கு நெடுகிலும் ரயில் ஓடத் தொடங்கியபின் பாதையில் ஜனநடமாட்டம் குன்றிற்று. கல் பாவிய வழியைப் பல இடங்களில் பாசியும் புதரும் மூடிக்கொண்டன.

மனிதர் விட்ட இடத்தில் மிருகங்கள் வந்துவிட்டன. மாகோமே, த்ஸுமாகோ என்ற இரு ஊர்களுக்கிடையே உள்ள சுமார் 8 கிலோமீட்டர் வழியில், மார்பில் வெண்பிறை தரித்த கருங்கரடி விலகிப் போகும் பொருட்டு, நடப்போர் அடித்துச் செல்ல ஆங்காங்கே மணிகள் கட்டப்பட்டிருக்கின்றன. 1955-இல் விசேஷ இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காமோஷிகா என்னும் மலையாடும் இம்மலைக்காடுகளில் சஞ்சரிக்கிறது.

ஆயினும் கரடியையும் ஆட்டையும் காட்டிலும் என் மனத்தைக் கவர்வன, பாதையோரத்து மண்மேட்டில் நிற்கும் ஒரு விருட்சமும் அதை நம்பி வாழும் ஒரு பூச்சியுமே. 1604-இல் தோகுகவா ஆட்சியாளர், வழிநடப்போர் தூரம் அறிவதற்காகவும் நிழலில் இளைப்பாறுவதற்காகவும், நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான 'ரி' என்னும் அளவுக்கு ஒரு மேடு எழுப்பி, அவற்றிற் பலவற்றின்மேல் எனோகி என்ற மரத்தை நடச் செய்தனர். பெரும்பாலான மேடுகள் அழிந்துவிட்டன, எஞ்சியவை சில. இந்த எனோகி இனத்து மரங்களின் இலையன்றி வேறு உணவறியாத புழுப்பருவத்தைக் கடந்தே, 1957-இல் பூச்சியியல் அறிஞர் சங்கம் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்த ஓமுராசாகி, ஆணாயின் ஊதா ஒளி வீசும் சிறகுகளோடு, கோடையில் வெளிப்படுகிறது.

வளர்ந்த பூச்சிக்கோ பூந்தேன் வேண்டுவதில்லை. குனுகி என்னும் கருவாலி மரத்தின் காயத்தில் கசியும் சாற்றை வண்டுகளோடு போட்டியிட்டுப் பருகுகிறது. கிராமத்தார் கரிக்காகக் குனுகியை வெட்டி, மறுபடியும் துளிர்க்கவிட்டுப் பேணிய காலம் வரை இப்பூச்சிக்குக் குறைவில்லை. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்து, இளைஞர் நகரம் புகுந்து, தோப்புகள் வெட்டுவாரின்றி முதிர்ந்து இருண்டபின் அது அருகிவருகிறது. கரடிக்கு வாய்ப்பாக அமைந்த மனித விலகலே இந்தப் பூச்சிக்குக் கேடாக முடிந்தது என்பதை எண்ணுகையில் நெஞ்சம் கனக்கிறது.

இலையுதிர் காலத்தின் இறுதியில் இதன் புழுக்கள் பசுமை மாறிப் பழுப்பு நிறம் பூண்டு, மரத்திலிருந்து இறங்கி, வேரடிச் சருகில் ஒட்டிக்கொண்டு குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. ஆதலின் அப்பருவத்தில் அந்தப் பழம்பாதையில் நடக்கும் பாக்கியம் பெறும் அன்பர்கள், எனோகியின் அடியிலுள்ள சருகைக் காலால் கலைக்காமல் செல்ல வேண்டுகிறேன்.