எங்கள் கிணற்றிலும் நைட்ரேட்!

யூரியா மூட்டையைத் தொட்டு எட்டு வருஷம் ஆச்சு. ‘நம்ம கிணத்துத் தண்ணி தேனு’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பேரனுக்குப் பால் பவுடர் கரைக்க வேண்டி வந்தபோது, மருமகள்தான் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னாள். முடிவைப் பார்த்ததும் திக்கென்றது. லிட்டருக்கு 92 மில்லிகிராம் நைட்ரேட்! குடிநீருக்கான இந்தியத் தர அளவு 45தான்.

“நல்லா காய்ச்சித்தானுங்க மாமா கலக்கறேன்” என்றாள் மருமகள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. அன்றே பேரனுக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்தோம். பிறகு ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம்.

ஆர்.ஓ.வின் உயிர் அதிலுள்ள சவ்வுதான். அழுத்தித் தள்ளினால் தண்ணீர் ஊடுருவிப் போகும். நைட்ரேட்டில் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால் சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம் எல்லாமும் கூடவே நின்றுவிடும். எங்கள் மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணிக்கு இரண்டு குடம் கழிவாகப் போகிறது.

வேண்டாததை மட்டும் பிரிக்கும் சவ்வு கிடையாதா? அதற்கான ஆய்வுகள் நடக்கின்றன. தண்ணீரில் கரைந்த உப்புத் துகள்கள் தம்மைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொண்டிருக்கும். சல்பேட் இறுக்கமாகப் போர்த்தும், நைட்ரேட் லேசாக. அதனால் தண்ணீரோடு அதிகம் ஒட்டாத பொருளில் சவ்வு செய்து, மின்சாரத்தால் இழுத்தால், நைட்ரேட் சுலபமாக நுழைந்து வெளியேறும், சல்பேட் தங்கிவிடும்.

நல்ல முயற்சிதான். ஆனாலும் எந்தச் சவ்வும் நைட்ரேட்டை அழிப்பதில்லை; பிரித்து இன்னொரு பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். அது எங்கிருந்து வந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

கிணற்றைச் சுற்றி நடந்தேன். மேட்டுப் பக்கம் இருபதடியில் என் குப்பைக்குழி! பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. சாணம், கோமியத்தில் உள்ள தழைச்சத்தும் மண்ணில் நைட்ரேட்டாகத்தான் மாறும். பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கீழே இறங்கும். ‘இயற்கை’ என்பதற்காகக் கிணறு சலுகை தராதுங்க.

குழியைத் தாழ்வான பக்கம் வெகுதூரம் தள்ளி மாற்றி, மேலே கூரை போட்டேன். கோமியம் இப்போது தொட்டியில் சேர்கிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வாழைக்குப் போகிறது.

ஒரு கணக்கும் போட்டேன். ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணீர் கட்டினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். 92 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரில், அது 2 கிலோ தழைச்சத்து. ஏறக்குறைய நாலரை கிலோ யூரியாவுக்குச் சமம்! அதைக் கழித்துக்கொண்டுதான் இப்போது தொழு உரம் இடுகிறேன்.

உங்க கிணத்துக்கும் குப்பைக்குழிக்கும் எத்தனை அடி? இன்றே அளந்து பாருங்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை தண்ணீரையும் சோதித்துவிடுங்கள்.